பாதி நேரான பல்லோடு விட்டுப் போனவருக்கு

என் அன்பு மச்சான்,

பல்லுக் கம்பி கழட்டியாயிற்று. இன்றைக்கு ஐந்தாம் நாள். இதை முதலில் உங்களுக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கழட்டின கையோடு வேறொருவர் வாசலில் போய் நின்றுவிட்டேன். யார் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், பொறுங்கள். எந்தக் கதையையும் முதலிலிருந்து சொல்லவிடாமல் "முடிவைச் சொல்லு புள்ள, முடிவைச் சொல்லு" என்று அந்தரப்படுகிற ஆள் நீங்கள். இந்தத் தடவை என் பாட்டுக்குத்தான் சொல்வேன். குறுக்கே கதைக்க உங்களால் முடியாது என்பதுதான் இதில் எனக்குள்ள ஒரேயொரு வசதி.

இதை நான் ஒளித்து எழுதவில்லை. வெளியில் போடப்போகிறேன், வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும். "பாலர் பாடசாலைச் சுகந்தி ரீச்சர், புருஷன் செத்து வருஷம் திரும்பல்ல, பல்லுக்கு அழகு பாக்கிறா" என்று எங்கள் ஊர் பழுகாமத்தில் கதைத்தவர்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும். அவர்களுக்கு நேரில் நான் ஒரு பதிலும் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்லும்போது அவர்களும் காது கொடுத்தால் எனக்கு ஒரு வேலை மிச்சம்.

எங்கே தொடங்குவது? என் பல்லிலிருந்தே தொடங்குகிறேன். மேல்வரிசை மிதப்பு. வாயை மூடினாலும் இரண்டு முன்பல்லும் வெளியே நின்று ஊர் பார்க்கும். பள்ளிக்கூடத்தில் எனக்குத் "திருவலை" என்று பெயர். தேங்காய் திருவலாமாம். பதினான்கு வயதில் அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன், பல்லை நேராக்க ஏலுமாமே என்று. பல்லு சோறு தின்னத்தான் என்றார். அத்தோடு அந்தக் கதை முடிந்தது. அதன் பிறகு சிரிப்பு வந்தால் கையும் தானாக வாய்க்கு வந்துவிடும். கலியாணம் கட்டி எட்டு வருஷம் நீங்களும் அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. எங்கள் பாலர் பாடசாலைக் கலைவிழாவில் முன்வரிசையில் இருந்து என்னையே பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டீர்கள்.

"புள்ள, உனக்குக் கை நோகல்லையா?"

எனக்கு விளங்கவில்லை. "என்னத்துக்கு நோக?" என்றேன்.

"மூண்டு மணித்தியாலம் வாயப் பொத்திக்கிட்டே நிண்டாயே. புள்ளைகள் ஆடினத விட உன்ட கைதான் கூட ஆடினது."

எனக்குக் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. அடுத்த கிழமையே மோட்டார் சைக்கிளில் ஏற்றி, பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி, பட்டணத்துக்கு, ரவுணில் உள்ள பல் கிளினிக்குக்குக் கொண்டுபோய் என்னை இருத்திவிட்டீர்கள். எனக்கு அப்போது முப்பத்திநாலு வயது. காத்திருந்த மற்ற எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களின் அம்மாமார் நான் எந்தப் பிள்ளையின் அம்மா என்று தேடினார்கள். எங்களுக்குத்தான் பிள்ளை இல்லையே. வெட்கத்தில் எழும்பிப் போகப் பார்த்தேன், நீங்கள் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

டொக்டர் என்னைவிட இளையவ. வயதைச் சொன்னதும் சிரித்தா. "பல்லு நிக்கிற முரசும் எலும்பும் நல்லா இருந்தா எந்த வயசிலயும் பல்லை நகர்த்தலாம். கொஞ்சம் மெதுவா நகரும், அவ்வளவுதான்" என்றா. முன்பல் உள்ளே வர இடம் வேண்டும், அதற்கு மேலே இரண்டு பல் பிடுங்க வேண்டும் என்று சொன்னபோது உங்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "நல்ல பல்லையா?" என்று கதிரையை விட்டு எழும்பினீர்கள். பிறகு நீங்களே யோசித்து, "நெருக்கமா முளைச்ச நாத்தக் களைஞ்சு விடுற மாதிரி என்ன?" என்று கேட்டு அமர்ந்தீர்கள். பல் பிடுங்கினது எனக்கு, மயங்கி விழுந்தது நீங்கள். தாதி எனக்கு வைத்திருந்த குளுக்கோசை உங்களுக்குக் கரைத்துத் தந்தாவே, ஞாபகம் இருக்கிறதா?

கம்பி போட்ட முதல் கிழமை வாய் முழுக்க நோவு. பல்லில் ஒட்டின துண்டுகள் கன்னத்தை உரசி உள்ளுக்குள் புண். டொக்டர் தந்த மெழுகை உருட்டி உருட்டி அதன் மேல் ஒட்டினேன். நீங்களும் எனக்காகக் குழைசோறு தின்றீர்கள். ஐந்தாம் நாள் பொறுக்க மாட்டாமல் நண்டு வாங்கி வந்தது நீங்கள், காலைக் கடித்து, பல்லில் ஒட்டின ஒரு துண்டைப் பெயர்த்தது நான். டொக்டர் ஏசினது இருவருக்கும். அதற்குப் பிறகு நண்டு வந்தால் நீங்கள் அம்மிக் குழவியால் உடைத்துச் சதையை எடுத்து என் சோற்றுக் கோப்பையில் வைத்துவிட்டுத்தான் உங்கள் கோப்பையைத் தொடுவீர்கள்.

பாலர் பாடசாலையில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொன்னேனா? ஒரு சின்னப் பெண்பிள்ளை என் மடியில் ஏறி வாய்க்குள் எட்டிப் பார்த்து, "ரீச்சர், இது யான வேலியா?" என்று கேட்டாள். யானைக்குக் கட்டின மின்வேலியை வெல்லாவெளிப் பக்கம் மாமன் வீட்டில் பார்த்திருக்கிறாள். கரண்ட் வருமா என்று தொட்டுப் பார்க்க விரலை நீட்டினாள். மற்றதுகள் எல்லாம் பயத்தில் ஓட்டம்.

பிறகு அந்த நிறக் கூத்து. கம்பியைப் பல்லோடு சேர்த்துப் பிடிக்கிற சின்ன ரப்பர் வளையங்களை ஒவ்வொரு மாதமும் மாற்றுவார்கள். நிற அட்டையை டொக்டர் நீட்ட, நான் சாம்பல் நிறம் என்று வாயெடுக்க முன்னம் நீங்கள் முந்திக்கொண்டு "மஞ்சள்" என்றீர்கள். அது மாசி மாதம், வயல் வட்டை முழுக்க நெல் முற்றி வெட்டுக்கு நின்றது. அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. வயலில் பயிர் பச்சையென்றால் என் வாயிலும் பச்சை, குளம் நிறைந்தால் நீலம். பல்லைப் பார்த்து வேளாண்மை எந்த மட்டில் நிற்கிறது என்று ஊர் அறியலாம் என்று பகிடி விடுவீர்கள். மஞ்சள் வளையத்தோடு கோயிலுக்குப் போனேன், கலியாண வீட்டுக்குப் போனேன். ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அப்போது நீங்கள் இருந்தீர்கள்.

பதினொரு மாதம் இப்படிப் போனது. பிறகு தை மாதம், வயலில் தண்ணீர் வடியாத நேரம், உங்களுக்குக் காய்ச்சல்.

எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கச் சுகாதாரப் பகுதியார் தந்த குளிசை மருந்தைக் கூரைக் கம்பில் செருகி வைத்திருந்தீர்கள். செத்தவீடு முடிந்து மூன்றாம் நாள்தான் அது என் கண்ணில் பட்டது. ஒன்று கூடக் குறையவில்லை. மச்சான், அதற்கு நான் இன்னும் உங்களை மன்னிக்கவில்லை. இதையும் எல்லாரும் வாசிக்கட்டும், வாசித்துவிட்டுத் தங்கள் வீட்டுக் கூரையில் ஒருக்கால் தேடிப் பார்க்கட்டும்.

ஆசுபத்திரியில் மூன்றாம் நாள், கண் இரண்டும் மஞ்சளாகக் கிடந்தபடி நீங்கள் கேட்ட கேள்வி இது. "நாளைக்குக் கிளினிக் நாள் என்ன?" நான் உங்கள் போர்வையை இழுத்துவிட்டேன். "ரவுணிலதானே நிக்கிறாய், கிட்டத்தானே, போயிற்று வா புள்ள. திகதிய விட்டிராத" என்றீர்கள். இந்த நிலையில் பல்லுத்தான் ஒரு கேடா என்று உங்களை ஏசினேன். உங்களோடு நான் கடைசியாகக் கதைத்தது அந்த ஏச்சுத்தான். அடுத்த நாள் காலையில், நான் அந்தக் கதிரையில் இருந்திருக்க வேண்டிய நேரத்தில், நீங்கள் போய்விட்டீர்கள்.

முப்பத்தோராம் நாள் கிரியை எல்லாம் முடிந்து சனம் கலைகிற நேரம் பெரியம்மா என் பக்கத்தில் வந்து இருந்தா. உங்களுக்குத் தெரியும்தானே, அம்மாவுக்குப் பிறகு எனக்குச் சோறு ஊட்டினது அவதான். கெட்ட எண்ணம் உள்ளவ இல்லை.

"புள்ள, கழுத்தில கிடந்ததக் கழட்டியாச்சு, காதில கிடந்ததக் கழட்டியாச்சு. வாய்க்குள்ள கிடந்து மின்னுறத மட்டும் ஏன் மனே வச்சிரிக்காய்? சனம் பாக்குது."

உங்கள் அம்மா எதிரில்தான் இருந்தா. மாமி ஓமென்று தலையை ஆட்டினா.

எனக்கும் அது சரியென்றே பட்டது, மச்சான். அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது. தோடு மாதிரி, வளையல் மாதிரி அதுவும் ஒரு நகை, கழட்டினால் கழன்றுவிடும் என்று என் மண்டைக்குள் யாரோ எழுதி வைத்தது போல இருந்தது. எழும்பிப் போய், நீங்கள் தண்ணிப் பம்பு திருத்துகிற குறட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். பட்டப்பகல். ஒரு பக்கக் கம்பியை நறுக்கினேன். நறுக்கின முனை துள்ளிக் கன்னத்துக்குள் ஏறியது. ஒரு துண்டைக் குறட்டால் பிடித்து இழுத்தேன், உச்சி மண்டை வரைக்கும் ஒரு மின்னல். வாய் நிறைய இரத்தம். கிணற்றுக்கட்டில் குந்திக்கொண்டு துப்பினேன், துப்பினேன். ஒருவரும் வரவில்லை. நான் குளிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் கிளினிக்குக்குப் போனேன். கன்னம் வீங்கி ஒரு கண் மூடிவிட்டது. டொக்டர் விளக்கை இழுத்து வாய்க்குள் பார்த்தா.

"ரீச்சர், ஆர் இதைச் செய்தது?"

"நான்தான். மிச்சத்தையும் கழட்டி விடுங்க டொக்டர்."

என் நெற்றியையும் வெறுங்கழுத்தையும் பார்த்தா. விளங்கியிருக்கும். கன்னத்தில் ஏறின முனையை வெட்டி, மருந்து வைத்து, என் தோளில் கை வைத்துக்கொண்டு சொன்னா. "கழட்டலாம். அரை மணித்தியால வேலை. ஆனா பல்லுப் பிடுங்கின இடம் இன்னும் மூடல்ல. முன்பல்லு திரும்பப் பழைய இடத்துக்குப் போகப் பாக்கும். முந்தியும் இல்லாத ஓட்டை ரெண்டு புதுசா இருக்கும். யோசியுங்க. நான் மற்ற ஆளைப் பாத்திற்று வாறன்."

அந்தக் கதிரையில் மல்லாந்து கிடந்தபடி விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். உங்களைத்தான் நினைத்தேன், பிறகு என்னை நினைத்தேன். எனக்கு முப்பத்தைந்து வயது. இனி எத்தனை வருஷம் இந்த வாயால் தின்ன வேண்டும், கதைக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும்? செத்தது நீங்கள், நானில்லை. ஒரு மாதமாக ஊரும் நானும் சேர்ந்து அதை மாற்றி நினைத்துக்கொண்டிருந்தோம். இதைச் சொன்னால் கல்மனசுக்காரி என்பார்கள். சொல்லட்டும்.

டொக்டர் திரும்பி வந்தா. "புதுக் கம்பி போடுங்க" என்றேன்.

அவ முகம் விரிந்தது. நிற அட்டையை எடுத்தா. அந்தளவுக்கு எனக்குத் துணிவு வரவில்லை. "நிறமில்லாதது இரிக்கா?" என்று கேட்டேன். இருந்தது. கண்ணாடி மாதிரி, கிட்ட வந்து பார்த்தால்தான் தெரியும். போகும்போது டொக்டர் சொல்லிவிட்டா, "ஆரும் கேட்டா வைத்தியம் எண்டு சொல்லுங்க ரீச்சர். பொய்யில்லத்தானே." நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். பெரியம்மா கேட்டபோது, டொக்டர் கழட்டக் கூடாதென்று சொல்லிவிட்டா, கழட்டினால் நோய் வருத்தம் வருமாம் என்றேன். பெரியம்மா நம்பினா. ஆனால் அதைச் சொன்ன ஒவ்வொரு முறையும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

இப்போது நீங்கள் சிரிக்கப்போகிற இடம் வருகிறது. நிறமில்லாத வளையத்துக்கு ஒரு குணம் இருக்கிறது, எனக்கு யார் சொன்னது? மீன் சொதி தின்றேன். பருப்புக் கறி தின்றேன். நாலாம் நாள் கண்ணாடியில் பார்க்கிறேன், ஒவ்வொரு பல்லிலும் நல்ல மஞ்சள், தாலிக் கயிற்று மஞ்சள். உப்புப் போட்டுத் தேய்த்தேன், பற்பசையால் தேய்த்தேன், தேசிக்காய்ப் புளி கூடப் பூசினேன். ஒரு பொட்டுக் குறையவில்லை. ஒவ்வொரு மாதமும் புதிதாகப் போட்டுக்கொண்டு வருவேன், ஒவ்வொரு மாதமும் நாலு நாளில் மஞ்சள்.

வைகாசியில் அம்மன் கோயில் சடங்கு. போகாமல் விட மனமில்லை. கும்பிட்டுக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தேன் போல, வாய் திறந்துவிட்டது. பின்னாலிருந்து ஒரு குரல்.

"இஞ்ச பாருங்ககா, சுகந்தி வாயெல்லாம் மஞ்சள் கட்டியிரிக்கா. மாப்பிள்ள ஆருகா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றே நாளில் அது உங்கள் அம்மாவின் ஊருக்கு, வெல்லாவெளிக்குப் போய்ச் சேர்ந்தது. மாமி பெரியம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தா. பெரியம்மா என் முகத்தைப் பார்க்காமல் அதைச் சொன்னா.

"அந்த வாயோட அவட வளவுக்குள்ள காலெடுத்து வைக்க வேணாமாம் புள்ள."

மச்சான், ஊர் சொன்னது எனக்கு ஒரு நாள் சுட்டது. இது சுட்டுக்கொண்டே இருந்தது. உங்கள் முகவெட்டும், உங்களைப் போலவே கோழிக்குப் பின்னால் பேசிக்கொண்டு போகிற பழக்கமும் உள்ள ஒரே ஆள் அவதான். அவ வீட்டுக்குப் போனால்தான் உங்கள் பேரைச் சத்தமாகச் சொல்ல ஒரு ஆள் இருக்கும். அந்த வாசலும் மூடிவிட்டதென்றால் நான் எங்கே போவது? கம்பியைக் கழட்டிவிட்டால் மாமி திரும்பக் கிடைப்பா. அது நிச்சயம். இரண்டில் ஒன்றை விடத்தான் வேண்டுமென்றால் எதை விடுவது? இரண்டு கிழமை இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் திரும்பவும் மஞ்சளைப் பார்த்துச் சிரித்தா. கறி தின்கிற ஊரில் நிறமில்லாததுக்கு இதுதான் கதி என்றா. பிறகு வழக்கம் போல நிறமில்லாத வளையப் பெட்டியை எடுத்தா.

"அது வேணாம் டொக்டர். அட்டையக் காட்டுங்க."

பச்சையில் விரலை வைத்தேன். வட்டையில் சிறுபோகம் பச்சையாக நின்றது. வயலை இப்போது வேறு ஆள் செய்கிறார், ஆனால் பச்சை பச்சைதானே. ஒளித்தாலும் மஞ்சள் என்கிறார்கள். அப்படியென்றால் நான் ஏன் ஒளிக்க வேண்டும்? அன்றைக்கு பஸ்ஸில் ஏறினபோது கண்டக்டர் முதல் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வாயைத் திறந்து "பழுகாமம் ஒண்டு" என்றேன். மாமியை நான் விடவுமில்லை. ஒவ்வொரு மாதமும் பெரியம்மாவிடம் சொல்லி ஏதாவது அனுப்புவேன், கருவாடோ அரிசிமாவோ. அவ வாங்குவா. பதில் ஒன்றும் வராது.

ஆண்டுத் திவசத்துக்கும் அவ வரவில்லை. நான் இங்கே படைத்தேன், அவ வெல்லாவெளியில் தனியாகப் படைத்தா. ஒரு மனுசனுக்கு ஒரே நாளில் இரண்டு வீட்டில் படையல். நீங்கள் எந்த வீட்டுக்கு வந்தீர்கள், மச்சான்?

இப்படியே இன்னும் பல மாதம். பல் பிடுங்கின இடம் மெல்ல மெல்ல மூடி வந்தது. கம்பியை இறுக்கின முதல் இரண்டு நாளும் சோறு கடிக்க ஏலாது, மூன்றாம் நாள் சரியாகிவிடும். ஒரு திகதியையும் விடவில்லை. வெள்ளம் பாய்ந்து பஸ் ஓடாத ஒரு நாள் உழவு மெசின் பெட்டியில் நின்றுகொண்டு பாலம் வரைக்கும் போனேன். முழங்கால் வரைக்கும் சேற்றோடு கிளினிக் கதிரையில் ஏறினவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை கழட்டினார்கள். ஒவ்வொரு துண்டும் பெயரும்போது டிக் டிக் என்று மண்டைக்குள் கேட்டது. ஒட்டின பசையைச் சுரண்டிப் பல்லைத் தீட்டினார்கள். பிறகு டொக்டர் கண்ணாடியைத் தந்தா. முதலில் நாக்குத்தான் நம்பவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு கண். நான் அழகாக இருந்தேன், மச்சான். வேறெப்படிச் சொல்ல? அழகாக இருந்தேன்.

பல்லின் அச்சிலேயே செய்த, கண்ணாடி போன்ற ஒரு தட்டையும் தந்தார்கள். ரிட்டெய்னர் என்று பெயர். முதல் ஆறு மாதம் சாப்பிடுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் மாட்ட வேண்டும், அதற்குப் பிறகு படுக்கும்போது. "எவ்வளவு காலம்?" என்று கேட்டேன். "பல்லு இருக்கிற வரைக்கும்" என்றா டொக்டர். "பல்லு பழைய இடத்தை மறக்காது ரீச்சர். நீங்க அசந்தா அது திரும்பிப் போகும்."

பழுகாமத்தில் பஸ் நின்றது. நான் இறங்கவில்லை. கண்டக்டர் திரும்பிப் பார்த்தான், "வெல்லாவெளிக்கு இன்னொரு டிக்கட் தாங்க" என்றேன்.

மாமி முற்றத்தில் பாயைப் போட்டுப் புளி கோதிக்கொண்டிருந்தா. நான் படலையில் நின்றேன். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானாகவே உள்ளே போனேன்.

"கழட்டிற்றியா?" என்றா நிமிராமல்.

"ஓம் மாமி. முடிஞ்சுது."

"அப்ப வைத்தியம் சரி."

அந்த இடத்தில் "ஓம்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். கோப்பையில் சோறு போட்டிருப்பா. எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

"வைத்தியம் மட்டுமில்ல மாமி. அழகுக்கும்தான். அவருக்கும் ஆசை, எனக்கும் ஆசை. இப்பவும் எனக்கு ஆசை."

புளி கோதின கை நின்றது. "ஆருக்குக் காட்ட?"

"காலமை முகம் கழுவக்குள்ள கண்ணாடியில நான்தானே மாமி நிக்கிறன். எனக்குக் காட்டத்தான்."

"ஊர் என்ன சொல்லுதெண்டு தெரியுமா உனக்கு?"

"தெரியும். ஊர் சொன்னா எனக்கென்ன. நீங்களும் சேர்ந்து சொன்னதுதான் எனக்கு நொந்த."

மாமி கொட்டையை ஒரு பக்கம், சதையை ஒரு பக்கம் ஒதுக்கினா. திரும்பவும் ஒதுக்கினா. ஒதுக்க ஒன்றும் இருக்கவில்லை. பிறகு சொன்னா, குரல் உடைந்து, "நீ இன்னொருத்தனக் கட்டிக்கிட்டுப் போயிருவாய் எண்டுதான் நான் நினைச்ச. நீயும் போனா அவன்ட பேரச் சொல்ல எனக்கு ஆரு புள்ள இரிக்கா?"

அழுதுவிடுவேன் போல இருந்தது. ஆனாலும் இல்லாததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இப்ப எனக்கு அந்த நினைப்பில்ல மாமி. நாளைக்கு வந்தா முதல் உங்களுக்குத்தான் சொல்லுவன். ஒளிக்க மாட்டன். எங்க போனாலும் அவர்ட பேரச் சொல்ல இஞ்ச வருவன்" என்றேன். இதை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள், மச்சான். உங்களுக்கும் நான் வேறு மாதிரிச் சொல்ல மாட்டேன்.

மாமி என்னை முறைத்துப் பார்த்தா. கனநேரம் பார்த்தா. பிறகு அவ கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை.

"அவன் பாத்தவனா?"

"பாதிதான் மாமி."

"பாதியெண்டா எப்படி?"

"கம்பிக்குள்ளால பாத்தவர். முன்பல்லு ரெண்டும் கொஞ்சம் உள்ள வந்திருந்த. வாய மூடினா உதடு ரெண்டும் தொட்டிச்சு. அதுக்கே துள்ளினவர்."

மாமி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினா. என் நாடியைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினா. மீன் வாங்கும்போது செவுள் பார்க்கிற மாதிரிக் கிட்ட வந்தா.

"ஈ எண்டு காட்டு. நல்லாக் காட்டு."

காட்டினேன். அவ விரலில் புளி மணம். கண் இரண்டும் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. "நல்லாத்தான் வந்திரிக்கு" என்றா. "என்ட புள்ளைக்குத்தான் குடுத்து வைக்கல்ல." நான் வாயை மூடினேன். அவ நாடியை விடவில்லை.

"இன்னொருக்காக் காட்டு."

திரும்பவும் காட்டினேன். முதல்தரம் பார்த்தது அவ. இரண்டாந்தரம் யாருக்காகப் பார்த்தா என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கு அங்கேதான் சாப்பிட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், உங்கள் அம்மாவை உங்களுக்குத் தெரியாதா? வெளிக்கிடும்போது, "அடுத்த மாசம் உன்ட ஒண்டுவிட்ட மச்சாள்ட மகள் பெரியபிள்ளையாயிற்றாள், சாமத்திய வீடு. வா. ஆனா பின்னுக்கு நில்லு" என்றா. "வாறன் மாமி. முன்னுக்குத்தான் நிப்பன்" என்றேன். அடங்காதவள் என்று புறுபுறுத்துக்கொண்டு படலை வரைக்கும் வந்தா.

ஆலாத்தி எடுக்க என்னை விடமாட்டார்கள், அது தெரியும். ஆனால் உங்கள் மருமகள் தலைநிமிரும்போது அவளுக்கு நேரே, சனத்தின் கண் முன்னால், பல் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறவள் நானாகத்தான் இருப்பேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு, மச்சான். பல்லையும் பழைய இடத்துக்குப் போக விடமாட்டேன், என்னையும் விடமாட்டேன்.

இப்படிக்கு,
வெல்லாவெளி மாமியின் அடங்காத மருமகள்,
உங்கள் மனைவி சுகந்தி